வலது கட்டைவிரல்

பிய்ந்த தோசையைக் கடைசி வீட்டு அக்கா ஒருநாளும் தன் வீட்டுக்காரருக்கு வைத்ததில்லை. கல்லில் ஒட்டி ஓரம் கிழிந்து வந்தால் அது அவளுக்கு. நடுவில் ஓட்டை விழுந்தால் அது எனக்கு. வட்டம் குலையாமல், ஒரே நிறமாக ஒன்று வரும்வரை அவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கட்டிலில் காத்திருப்பார். பசிக்குமே, பாவம், என்று எனக்குத்தான் பதைப்பாக இருக்கும். அக்கா அவசரப்படமாட்டாள். நல்லதாக ஒன்று வந்ததும் வட்டலில் வைத்து, வட்டலின் அடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து எடுத்துப் போவாள்.

தோசை மட்டுமில்லை, சேதியும் அப்படித்தான். பல்லடம் பக்கம் அவர்கள் ஊரில் போர்க் கிணறு வற்றி, தென்னை எல்லாம் குருத்துக் காய்ந்து நின்ற சமயம் அது. பக்கவாதம் வந்து அண்ணனுக்குப் பேச்சுப் போய்விட்டிருந்தது. கண்ணால்தான் கேட்பார். எதைக் கேட்கிறார் என்று அக்காவுக்கு மட்டும் தெரியும்.

"மரமெல்லாம் நல்லாருக்குதுங்க. போன மாசங்கூடக் காய் போட்டாங்களாமா."

"ம்" என்பார் அண்ணன். அந்த ஒரு சத்தம்தான் அவருக்கு மிச்சமிருந்தது. பசித்தாலும் 'ம்', போதும் என்றாலும் 'ம்'.

வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். "ஏக்கா, நாளைக்கு யாராச்சும் வந்து நெசத்தச் சொல்லிட்டா?"

"நாளைக்குத்தான கண்ணு? இன்னைக்கு நிம்மதியாத் தூங்குவாருல்ல."

இப்படிப் பேசுகிற மனுஷி பக்கத்தில் இருந்தால் எனக்கு நெஞ்சுப் படபடப்புக் குறையும். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, கேஸை அணைத்தோமா என்று திரும்பி வருகிறவள் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கிணத்துக்கடவுப் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். பனியன் கம்பெனிக்குப் போனேன், ஒரு மில்லுக்கும் போனேன், எங்கேயும் நிலைக்கவில்லை. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றாலே எனக்குக் கை வேர்த்து ஊற்றும்.

நாங்கள் இருந்தது பீளமேட்டுக்குப் பின்னால், பழைய மில் சுவரை ஒட்டிய லைன் வீட்டில். கடைசி வீடு அவர்களுடையது. அதற்கு முன்னால் தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை. உள்ளே இரும்பு கடைகிற ஒரு லேத், ஒரு மேசை, சுவரோரம் அண்ணனின் கட்டில். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அந்த வாரமே, வீட்டுக்குள் கிடந்த கட்டிலை அக்கா பட்டறைக்கு இழுத்துவிட்டாள். "உள்ள படுத்தா மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடப்பாரு. இங்கன்னா லேத்தையாச்சும் பாத்துட்டிருப்பாரு."

ஆனால் ஓடாத லேத்தை எத்தனை நாள் பார்ப்பார்? அண்ணனின் தம்பி, அக்காவின் கொழுந்தன், நல்ல மனுஷன்தான். ஆஸ்பத்திரிக்கு நடையாக நடந்தவர். லேத் வாங்கினதில் அவருக்கும் பங்கு உண்டு. ஒருநாள் வாசலில் நின்றபடியே சொன்னார்: "அண்ணி, சும்மா நின்னா துருப் புடிச்சிரும். கேக்கறதுக்கு ஆள் இருக்குது. குடுத்தர்லாங்க."

அண்ணனுக்குக் கேட்கும் தூரம்தான் அது. லேத் பக்கம் திரும்பியிருந்த அவர் முகம் மெதுவாகச் சுவர் பக்கம் போனது.

அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நான் லேத்து ஓட்டப் போறேன். நீயும் வா."

"எனக்கென்னக்கா தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டு பேரும் தெரியாமயே ஆரம்பிக்கலாம்."

கொழுந்தனிடம் அவளே பேசிக்கொண்டாள். அண்ணன் முன்பு லேத் வேலை செய்து கொடுத்த பம்புசெட் கம்பெனியில் கேட்டு, மோட்டார் மூடி ஒரு லாட் சோதனைக்கு வாங்கி வருவது. பாஸானால் வேலை தொடரும், லேத் இங்கேயே இருக்கும். பாஸாகாவிட்டால் விற்பதற்கு அவள் குறுக்கே நிற்கமாட்டாள். கொழுந்தன் சிரித்தார். கேலியில்லை, பரிதாபம். "சரிங்கண்ணி, உங்க ஆசைக்கு."

மோட்டார் மூடி என்பது வார்ப்பிரும்பில் வட்டத் தட்டு மாதிரி இருக்கும். நடுவில் பேரிங் உட்கார ஒரு துளை. அந்தத் துளையைச் சரியான அளவுக்குக் குடைந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்க அவ்வளவுதான். வெளிப்பக்கம் சீவும்போது டூல் கண்ணுக்குத் தெரியும். உள்ளே குடையும்போது டூல் போகிற இடம் இருட்டு. வெளியே சீவக் கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்றுவோமோ, துளையைப் பெரிதாக்க அதற்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். இந்த ஒன்றைப் பழகுவதற்குள் எத்தனை மூடி பாழானது என்று கேட்காதீர்கள். கொஞ்சம் குறைந்தால் இன்னொரு தடவை சீவலாம். கொஞ்சம் கூடிவிட்டால் முடிந்தது. போன இரும்பு திரும்பி வராது. பழைய இரும்புக் கடையிலிருந்து அக்கா சாக்கில் கட்டி எடுத்துவந்த உடைசல் மூடிகளில்தான் பழகினோம்.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அக்காவின் போனில் ஒரு மீசைக்காரர் வருவார். இந்திக்காரர். நீளமாக என்னவோ சொல்லிக்கொண்டே குடைவார். அதில் எங்களுக்குப் புரிந்த ஒரே வார்த்தை 'தேக்கோ', பாருங்கள் என்று அர்த்தம். அக்கா அவருக்குத் தேக்கோ மாமா என்று பேர் வைத்துவிட்டாள்.

"தேக்கோ மாமா இங்க கையெடுக்கறாரு பாரு. நீ எடுக்கறதே இல்ல."

"அவருக்கு மீசை இருக்குதுக்கா. தைரியமா எடுப்பாரு."

கட்டிலிலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் வரும். அண்ணன் சிரிக்கிறார் என்று அக்கா சொல்வாள். எனக்கு அது இருமலாகத்தான் கேட்கும்.

ஒருநாள் நான் பிடித்திருந்த மூடி சுற்றுகிற வேகத்தில் சக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. சக் என்பது லேத்தில் மூடியைக் கவ்விப் பிடிக்கிற மூன்று பல் வாய். மூடி தகரக் கதவில் மோதி, உள்ளங்கை ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. அரை ஆள் தூரம் தள்ளிப் போயிருந்தால் அண்ணனின் கட்டில். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா கதவைத் தடவிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் போனாள். "ஒண்ணுமில்லீங்க. பூனைங்க."

இரும்பு பறந்ததை அவரே கண்ணால் பார்த்தார். அவரிடம்தான் பூனை என்றாள். அவரும் 'ம்' என்றார்.

அதற்குப் பிறகு சக்கின் சாவியில் ஒரு பைப்பைச் சொருகி, முழு பலத்தோடு இறுக்க ஆரம்பித்தோம். நான் ஒரு தடவை இறுக்குவேன், அக்கா வந்து இன்னொரு தடவை. மூடி அசையவே அசையாது. அப்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

இனி அந்தக் கட்டைவிரலைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் குடைந்த மூடியை அக்கா சக்கிலிருந்து கழற்றி, துளையின் விளிம்பை அரத்தால் நாலு பக்கமும் தேய்ப்பாள். பிசிறு இல்லாமல், குழந்தையின் பால் டம்ளரைப் பார்ப்பது போல விரலை ஓட்டிப் பார்ப்பாள். பிறகு துடைத்து, அண்ணனின் மடியில் கொண்டுபோய் வைப்பாள். அவர் இடது கையால் தன் வலது கையைத் தூக்குவார். விழுந்துபோன பக்கம் வலதுபக்கம்தான். ஆனாலும் அவர் வேலை செய்த கை அது. வலது கட்டைவிரலைத் துளைக்குள் விட்டு, இடது கையாலேயே அதை மெதுவாகச் சுற்றுவார். கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருப்போம்.

"ம்."

"சரியாருக்குதுங்களா?"

"ம்."

அக்கா அந்த மூடியைத் தட்டோடு எடுக்கிற நைவேத்தியம் மாதிரி இரண்டு கையாலும் எடுத்து வருவாள். அண்ணன் அதன்பிறகு கொஞ்ச நேரம் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

அவர் ஒரு தடவைகூட வேண்டாம் என்றதில்லை. என்னை மாதிரிக் கவலைக்காரிக்கு இது உறுத்தும். நாங்கள் அவ்வளவு கெட்டிக்காரிகளா? ஒருநாள் பட்டறையைக் கூட்டும்போது, மேசைக்கு அடியில் சாக்கு மறைவில் ஒரு குவியல் கண்ணில் பட்டது. எல்லாம் பாழான மூடிகள். துளை கூடிப்போனவை, உள்ளே சாய்ந்துபோனவை. இவற்றை அண்ணனுக்குக் காட்டியதே இல்லை. அதில் பாதி நான் குடைந்தவை. சரியாக இருக்கிறது என்று என்னிடம் அவள் சொன்னவை.

"இதென்னக்கா?"

அவள் சாக்கை இழுத்துத் திரும்ப மூடினாள். கம்பெனிக்காரர் கொடுத்துவிட்ட கேஜ் ஒன்று எங்களிடம் இருந்தது. ஒரு கைப்பிடி, இரண்டு முனையிலும் இரும்பு உருளை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. மூடி சக்கில் இருக்கும்போதே அக்கா கேஜைப் போட்டுப் பார்த்துவிடுவாள். தேக்கோ மாமா செய்வதும் அப்படித்தான். கேஜ் சரி என்றால்தான் மூடி அண்ணனின் மடிக்குப் போகும். சரியில்லாதது சாக்குக்கு.

"அவருக்குத்தான் மறைக்கற. எனக்குமாக்கா?"

"உனக்குத் தெரிஞ்சா ராத்திரி தூங்கமாட்டயே அம்மணி."

அது உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து அவள் 'நல்லாருக்குது' என்று சொல்லும் ஒவ்வொன்றும் எனக்குப் பயமாகிவிட்டது. மறைக்கிறவள் பக்கத்தில் கவலைக்காரிக்கு நிம்மதி ஏது? எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சாக்கு இருக்குமோ என்று தோன்றும்.

கம்பெனியின் லாட் வந்தது. இருபது மூடி. ஒரு வாரம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடைந்தோம். ஒவ்வொன்றுக்கும் சக்கிலேயே கேஜ். பிறகு அரம். பிறகு கட்டைவிரல். கிட்டத்தட்ட எல்லாம் முடிந்து சுவரோரம் அடுக்கியாயிற்று. ஒருநாள் விட்டு மறுநாள் வண்டி வரும். அன்று மத்தியானம் கொழுந்தன் வந்தார்.

அடுக்கைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். "பரவால்லீங்கண்ணி! யாரு செக் பண்றது?"

"உங்க அண்ணன்தானுங்க."

"அப்படியா?" என்று, மேசைமேல் கிடந்த மூடி ஒன்றை எடுத்தார். அப்போதுதான் கழற்றி வைத்தது, அக்கா இன்னும் அரம் போடவில்லை. அவள் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போயிருந்தாள். "அண்ணா, இதப் பாருங்க. தேறுமா?" என்று அவர் ஆசையாகத்தான் மடியில் வைத்தார். அண்ணனும் ஆசையாகத்தான் கையைத் தூக்கினார். கண்ணை மூடி விரலைச் சுற்றினார்.

"ம்."

நான்தான் முதலில் பார்த்தேன். வேட்டியில் சிவப்பாக ஒரு சொட்டு. இன்னொன்று. விளிம்பின் பிசிறு கட்டைவிரலைச் சுற்றிலும் அறுத்திருந்தது. அவர் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்ணா! ரத்தம்!" கொழுந்தன் கத்தினார்.

அண்ணன் கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தார். வேறு யாருடையதோ மாதிரிப் பார்த்தார். உள்ளேயிருந்து அக்கா ஓடிவந்தாள். வரும்போதே அவள் கை மேசையிலிருந்த அரத்தை எடுத்திருந்தது; எதற்கு எடுத்தோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அண்ணனின் பார்வை விரலிலிருந்து அந்த அரத்துக்குப் போனது. அரத்திலிருந்து அவள் முகத்துக்குப் போனது. இத்தனை நாள் ஒவ்வொரு விளிம்பையும் எதற்காகத் தேய்த்தாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அந்த விரலுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஆஸ்பத்திரியிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"உணர்ச்சியே இல்லாத கையில செக் பண்ணி கம்பெனிக்கு அனுப்பப் போறீங்களா?" கொழுந்தன் மூடியை மடியிலிருந்து எடுத்துவிட்டார். "ஏங்கண்ணி, அவரை வெச்சு வெளையாடறீங்களா?"

"கேஜ் போட்டுத்தானுங்க தம்பி எடுத்து வெச்சிருக்குது."

"அப்பறம் இவரெதுக்கு?"

அக்கா மருந்தைத் தடவினாள். துணியைக் கிழித்து விரலைச் சுற்றிக் கட்டினாள். கட்டுகிறவள் முகத்தை அண்ணன் பார்க்கவேயில்லை. மருந்து எரிகிறதா என்று வழக்கமாகக் கேட்பாள். அன்று கேட்க முடியாதே.

மறுநாள் காலை அவர் வலது கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அக்கா எப்போதும்போல ஒரு மூடியைத் துடைத்து எடுத்துப் போய் மடியில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. வைத்தவள் எடுக்கவும் முடியாமல், நகரவும் முடியாமல் நின்றாள். நான் லேத்தைத் துடைக்கிற மாதிரித் துடைத்துக்கொண்டிருந்தேன். இனி இந்த வீட்டில் லேத் இருந்தென்ன, போனால் என்ன என்று எனக்கே தோன்றிவிட்டது.

அண்ணன் இடது கையை நீட்டினார். மேசையைக் காட்டினார். மேசைமேல் கேஜ்.

"தண்ணி வேணுங்களா?"

கை அப்படியே நின்றது.

"ஃபேன் போடட்டுங்களா?"

அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்? கடைசியில் எடுத்துக் கொடுத்தாள். அவர் மூடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்தி, இடது கையால் கேஜை நேராகப் பிடித்து, போக வேண்டிய முனையைத் துளையில் வைத்தார். சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அது போகவில்லை.

"ம்ஹூம்."

அந்தச் சத்தத்தை நான் அவரிடம் அதுவரை கேட்டதில்லை. அக்காவும் கேட்டிருக்கமாட்டாள். அவள் அடுத்த மூடியைக் கொடுத்தாள்.

"ம்ஹூம்."

அதற்கடுத்ததும், அதற்கடுத்ததும் "ம்ஹூம்" தான். அடுக்கில் பாதி தரைக்கு வந்துவிட்டது. அக்கா என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "கோவத்துல சொல்றாரு கண்ணு. சொல்லட்டும். நேத்துத் தம்பி முன்னால பட்ட அவமானம். வெளிய எடுத்து வெய்யி. நாளைக்கு வண்டி வந்தா ஏத்திப்போடலாம்."

எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு மூடியைத் தூக்கி, இன்னொரு கையில் கேஜை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். போகவில்லை. அடுத்ததில் போட்டேன். போகவில்லை.

"அக்கா. அவரு கோவமா சொல்லலக்கா. நெசமாவே போகல."

"சக்குல இருந்தப்பப் போச்சே? நீயுந்தான பாத்த?"

"சக்குலதான்க்கா போச்சு. கழட்டுனாப் போகல."

நாங்கள் இரண்டு பேரும் கேஜையும் மூடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒரு மூடியை எடுத்துச் சக்கில் பிடித்து, பைப் போட்டு இறுக்கி, கேஜை வைத்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கழற்றினேன். போகவில்லை. பேய் பிடித்த இரும்பா இது?

"ம்" என்று கட்டிலிலிருந்து சத்தம். திரும்பினோம். அண்ணன் இடது கையை உயர்த்தி, விரல்களை இறுக்கி முஷ்டியாக்கினார். நரம்பு புடைக்கும்வரை இறுக்கினார். பிறகு மெல்லத் திறந்தார். திறந்த கையை எங்களிடம் காட்டினார். அப்புறம் சக்குச் சாவியில் சொருகியிருந்த பைப்பைக் காட்டினார்.

எங்களுக்கு உறைத்தது. பறந்துவிடுமோ என்ற பயத்தில் மெல்லிய மூடியை மூன்று பக்கமும் நெரித்துப் பிடித்திருக்கிறோம். நெரிந்த இரும்பில் வட்டமாகக் குடைந்திருக்கிறோம். பிடியில் இருக்கிறவரை அது வட்டம். விட்டதும் இரும்பு தன் இடத்துக்குத் திரும்பிவிடும், துளை கோணிக்கொள்ளும். கழற்றிய பிறகு கேஜ் போட்டுப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. கழற்றியதைப் பார்த்தது அந்த ஒரு கட்டைவிரல்தான். அதற்கோ ஒன்றும் தெரியாது.

அக்கா அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. சாக்கு மறைவிலிருந்த குவியலைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள். "இருபதும் போச்சுங்க. நாளைக்கு வண்டி வருது. ஊர்ல மரமும் போச்சுங்க. போரும் வத்திருச்சு. அன்னைக்குக் கதவுல அடிச்சது பூனையில்லீங்க."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நிறுத்தினாள். நான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். இதையெல்லாம் ஒரே நாளில் கேட்டால் அவருக்கு என்ன ஆகுமோ?

அண்ணன் இடது கையை நீட்டி முதல் மூடியை அவள் பக்கம் தள்ளினார். "ம்" என்றார். வேலையைப் பார் என்று அர்த்தம். அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பைப்பை வெளியே எறிந்தோம். சாவியை வெறுங்கையால் திருகி, மூடியைச் சக்கில் லேசாகப் பிடித்தோம். சுற்றும்போது ஆடுகிறதா என்று பார்த்து, தட்டித் தட்டி நேராக்கி, வேகத்தைக் குறைத்து, மயிரிழை மாதிரிக் கடைசிச் சீவல் ஒன்று. வார்ப்பிரும்பில் சுருள் வராது, தூள்தான் கொட்டும். நுனியில் கறுப்பாக மிளகுப்பொடி தூவுகிற மாதிரி உதிர்ந்தது. பறந்துவிடும், பறந்துவிடும் என்று நான் சக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கட்டிலுக்கும் லேத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். பறந்தால் அவள்மேல்தான் படும். எதுவும் பறக்கவில்லை.

கழற்றினோம். அரம் போட்டோம். அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை. கொண்டுபோய் அண்ணனின் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு நின்ற அந்த நிலையைத்தான் நான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கை இரண்டும் புடவையைப் பிசைந்துகொண்டிருந்தன. உதடு காய்ந்திருந்தது. அக்காவைப் பயத்தோடு நான் பார்த்தது அன்றுதான். என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. அதற்கு முன்னால் எல்லாத் தடவையும் தெரிந்துகொண்டுதான் நின்றாள்.

கேஜ் போனது. மறுமுனை போகவில்லை.

"ம்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மூடியைச் சக்கில் வைத்தாள்.

விடிய விடிய லேத் ஓடியது. மறுநாள் காலை வண்டி வந்தபோது கடைசி மூடி அண்ணனின் மடியில் இருந்தது. கேஜின் போகக் கூடாத முனை அதில் பாதிக்குப் போய்விட்டது. நான்தான் குடைந்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"ம்ஹூம்."

"பாதிதானுங்க போகுது," என்று அக்கா கெஞ்சினாள். வாசலில் ஹார்ன் அடித்தார்கள்.

கொழுந்தன் காலையிலேயே வந்திருந்தார், லாட் என்ன ஆகிறது என்று பார்க்க. அவர்தான் குனிந்து காதோடு சொன்னார்: "அண்ணி, அடுக்குக்கு நடுவுல வெச்சு அனுப்பிச்சுருங்க. ஒண்ணுக்காக லாட்டைத் திருப்பிட்டான்னா என்ன பண்ணுவீங்க? நானே சொல்றேன், ஏத்துங்க." லேத்தை விற்கச் சொன்னவரே அதைச் சொன்னார்.

அக்கா அந்த மூடியைக் கையில் எடுத்தாள். அடுக்கைப் பார்த்தாள். சாக்கு கிடந்த இடத்தைப் பார்த்தாள். ஒளித்து வைக்க அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு அதை அவள் மேசைமேல், எல்லார் கண்ணிலும் படும்படி, நடுவில் வைத்தாள்.

கம்பெனிக்காரர் எண்ணி ஏற்றினார். எண்ணி முடித்துத் திரும்ப எண்ணினார்.

"ஏம்மா, ஒண்ணு குறையுதே? அதா, மேசைமேல இருக்குதே அது?"

"அது வேண்டாமுங்க."

"ஏன்? பாத்தா நல்லாத்தான இருக்குது?"

அக்கா தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். பட்டறைக்குள் கட்டிலைக் காட்டினாள். அண்ணன் மடியில் கேஜோடு, தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தெருவுக்கே கேட்கிற குரலில் அவள் சொன்னாள்:

"எங்க ஊட்டுக்காரரு பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க."

கம்பெனிக்காரர் கட்டிலையும் கேஜையும் பார்த்தார். வண்டியிலிருந்து ஏதோ ஒரு மூடியை எடுத்து, தன் பையிலிருந்த கேஜைப் போட்டுப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு இரண்டையும் திரும்ப அடுக்கிவிட்டு வண்டிக் கதவைச் சாத்தினார்.

"சரி. அதுக்குப் பதிலா ஒண்ணை அடுத்த லாட்டுல சேத்திக் குடுங்க."

வண்டி தெருமுனை திரும்பியது. பிறகு அக்கா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். முதல் தோசை பிய்ந்துதான் வந்தது. அதை மடக்கி வட்டலில் வைத்து, அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.